நாற்காலியில் உட்கார்ந்து தொழுத என் மகனுக்கு

ராஜா, அஸ்ஸலாமு அலைக்கும். ஒரே வீட்டுல, சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பையனுக்கு எதுக்கு இந்த மனுஷன் ஸலாம் போட்டு லெட்டர் எழுதறாருன்னு நினைப்பே. வாயால பேச ஆரம்பிச்சா நமக்குள்ள என்ன ஆகும்னு உனக்கே தெரியும். நான் பாதியில கத்துவேன், நீ பாதியில எழுந்து போயிடுவே, உங்கம்மா நடுவுல வந்து "ஆறிப் போகுது, மொதல்ல சாப்பிடுங்க"ன்னு சொல்லிடுவா. அதான் எழுதறேன். பெரிய எழுத்தா, வரிக்கு வரி இடம் விட்டு எழுதியிருக்கேன். வெளிச்சத்துல வெச்சு நிதானமாப் படி. கண்ணு களைச்சா மடிச்சு வெச்சிட்டு அப்புறம் எடு. நாளைக்குக் காலையில நீ கோயமுத்தூர் ரயில் ஏறப் போறே. புது வேலை, புது ஊரு, தனி ரூம். பெத்தவன் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்குச் சந்தோஷப்படவும் முடியல, போகாதன்னு சொல்லவும் வாய் வரல. ரெண்டுமில்லாம பேனாவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

இதை நீ யார்கிட்ட வேணா காட்டலாம். உன்னை மாதிரி மாத்திரை சாப்பிடுற புள்ளையைப் பெத்தவங்க யாராவது படிச்சா நல்லதுதான். அதுக்காகவே உனக்குத் தெரிஞ்ச கதையையும் சேர்த்துச் சொல்றேன், சலிச்சுக்காத.

உனக்கு மொத மொதல்ல அந்த நோவு வந்தப்ப நோவுன்னே எங்களுக்குத் தெரியல. காலேஜ் முடிச்ச புதுசு. ராத்திரி பகல் தூங்காம வேலை செஞ்சே, நிறுத்தாம பேசினே, கச்சேரி ரோட்டுல போற வர்றவங்களையெல்லாம் கூப்பிட்டு டீ வாங்கிக் குடுத்தே. "என்னடா இது கூத்து"ன்னு கேட்டா, "நான் நல்லாத்தான் இருக்கேன் அத்தா, இந்த அளவுக்கு நல்லா இருந்ததே இல்ல"ன்னு சொன்னே. முகத்துல அப்படி ஒரு ஒளி. நான் நம்பினேன். அக்கம்பக்கத்துல பெருமையா வேற சொல்லிக்கிட்டேன், பையன் சுறுசுறுப்பா இருக்கான்னு. அப்புறம் ஒருநாள் அந்த ஒளி அணைஞ்சுது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டுப் படுத்தே, அப்பவும் கேட்டா "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்"னே. அதையும் நம்பினேன். அடையாறு பாலத்துல வண்டியை ஓரமா நிறுத்திட்டு நீ நின்ன நிலையைப் பாத்து, முன்னப்பின்ன தெரியாத ஒரு புண்ணியவான் உன் கையைப் பிடிச்சு உக்கார வெச்சு, உன் போன்ல இருந்தே எனக்குக் கூப்பிட்டாரு. அவரு பேரைக்கூட நான் கேட்டுக்கல. இன்னைக்கும் தொழுகையில உன் பேருக்கு முன்னாடி அந்த ஆளுக்குத்தான் துஆ கேக்கறேன்.

அப்புறம்தான் கோபாலபுரத்து டாக்டரம்மாகிட்ட போனோம். மனசு மேலயும் கீழயும் போற நோவு இதுன்னு பேரு சொன்னாங்க. முதல்ல ஒரு மருந்து குடுத்தாங்க, அது உனக்குப் பிடிபடல, மறுபடியும் படுக்கையில விழுந்தே. ரெண்டாவதா லித்தியம் குடுத்தாங்க. அது பிடிபட்டுது. ரெண்டு மூணு மாசத்துல என் புள்ளை எனக்குத் திரும்பக் கிடைச்சான். டி.நகர் ஜவுளிக்கடையில விளம்பரம் டிசைன் பண்ற வேலைக்குப் போனே, உங்கம்மா மீன்குழம்பைக் குறை சொன்னே, என்னைக் கிண்டல் பண்ணினே. உடம்புல தண்ணி குறையக் கூடாது, நோன்பு வேணாம்னு டாக்டரம்மா சொன்னதால ரமலான்ல உனக்கு நோன்பில்ல. சொந்தக்காரங்ககிட்ட அல்சர்னு சொல்லிச் சமாளிச்சோம். டாக்டரம்மா எங்களுக்கு இன்னொண்ணும் சொன்னாங்க: "அவரு சொல்றதை வெச்சு முடிவு பண்ணாதீங்க பாய், அவரு தூங்குறதைப் பாருங்க, பேசற வேகத்தைப் பாருங்க." அதை நான் வேதவாக்கா எடுத்துக்கிட்டேன். சூடுபட்ட பூனைடா நான். நீ "நல்லா இருக்கேன்"னா தூக்கத்தைப் பாத்தேன், "நல்லா இல்ல"ன்னா மாத்திரை அட்டையைப் பாத்தேன். உன் வாயிலிருந்து வர்ற எதையும் அப்படியே எடுத்துக்கிறதில்லன்னு வெச்சிருந்தேன். அதைத்தான் நல்ல தகப்பனோட லட்சணம்னு நினைச்சேன்.

போன வருஷம் உனக்குத் தலைவலி ஆரம்பிச்சுது. காலையில எழுந்திருக்கும்போதே வலிக்குதுன்னே. நாள் பூரா கம்ப்யூட்டரைப் பாத்தா வலிக்காம என்ன பண்ணும்னு கடைக்குக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சேன். லஸ் பக்கத்துல முப்பது வருஷத்துக்கு மேல கண்ணாடிக் கடை நடத்துறவன் புள்ளைக்குப் பவர் பாக்க வெளிய போவானா? லென்ஸ் மாட்டுற பெரிய பிரேமை உன் மூக்குல வெச்சு, சார்ட்டைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரி வரைக்கும் தடங்கல் இல்லாமப் படிச்சே. உன் பழைய கண்ணாடி பவர்ல கால் பாயிண்ட் குறைச்சு, கூசாத லென்ஸ் போட்டு, நல்ல பிரேமாப் பாத்து மாட்டி விட்டேன். வலி போகல. மறுபடி உக்கார வெச்சேன், மறுபடியும் கடைசி வரி. "உனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்லடா, எல்லாம் நினைப்பு"ன்னு சொன்னேன். வாத்தியார் புள்ளை மக்கு, வைத்தியர் புள்ளை சீக்குன்னு சொல்லுவாங்க. கண்ணாடிக் கடைக்காரன் புள்ளைக்கு என்னன்னு யாரும் சொல்லி வெக்கல. எழுத்துப் படிக்கிற இடம் கண்ணோட நடுவுல இருக்கு, சுத்திலும் இருட்டிக்கிட்டு வந்தாலும் கடைசி வரை நடு நல்லா இருக்கும்னு பின்னாடி ஒரு கண் டாக்டர் சொல்லித்தான் எனக்கு உறைச்சுது. எங்க தொழில்ல கண்ணுக்கு முன்னாடி என்ன வெக்கிறதுன்னுதான் தெரியும். கண்ணுக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு நாங்க பாக்கறதில்ல.

அப்புறம் சத்தம். "காதுல ஏதோ கேக்குதும்மா, நாடி அடிக்கிற மாதிரியே உஸ்ஸு உஸ்ஸுன்னு கேக்குது, படுத்தா ஜாஸ்தியாகுது"ன்னு நீ உங்கம்மாகிட்டதான் முதல்ல சொன்னே. அவ மூஞ்சி வெளுத்துப் போயி சமையக்கட்டுக்கு என்னை இழுத்துட்டுப் போனா. "காதுல ஏதோ கேக்குதாங்க"ன்னா. அவ்வளவுதான். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நினைப்பு. மறுநாளே டாக்டரம்மாகிட்ட ஓடினோம். யாராவது பேசற மாதிரி இருக்கான்னு அவங்க கேட்டாங்க. நீ "பேச்சு இல்ல டாக்டர், சத்தம்"னு எவ்வளவோ சொன்னே. நான் குறுக்க பூந்து, "அவன் முழுசா சொல்ல மாட்டான் டாக்டர், முன்னாடியும் இப்படித்தான் மறைச்சான்"னு சொன்னேன். அன்னைக்கு லித்தியத்தைக் கொஞ்சம் கூட்டினாங்க. ரத்தத்துல மருந்தோட அளவு சரியாத்தான் இருந்துச்சு, அதனால யாருக்கும் சந்தேகம் வரல. வெளிய வந்து ஆட்டோவுல ஏறினப்ப நீ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டே. எனக்கு அப்ப நிம்மதியா இருந்துச்சுடா.

இப்ப அந்த ஜும்மாவுக்கு வர்றேன். நீ பள்ளிவாசலுக்கு வர்றதைக் குறைச்சுக்கிட்டே. மாத்திரை மந்தம்னு விட்டுட்டேன், வெள்ளிக்கிழமையாவது வான்னு இழுத்துட்டுப் போனேன். உள்ள நுழைஞ்சதும் நீ என்கூட வரிசைக்கு வராம, பின்னால முட்டிவலிக்காரப் பெரியவங்களுக்குப் போட்டிருக்கிற பிளாஸ்டிக் நாற்காலியில போய் உக்காந்துட்டே. முப்பதுகூட ஆகாத ஆம்பளைப் புள்ளை, எழுபது வயசுக்காரங்களுக்கு நடுவுல. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு மானம் போச்சு. வந்து உன் கையைப் பிடிச்சு எழுப்பி என் பக்கத்துல நிக்க வெச்சேன். சஜ்தாவுக்குக் குனிஞ்சு எல்லாரும் நெத்தியைத் தரையில வெச்சோம். எழுந்தப்ப நீ என் சட்டையைப் பிடிச்சே. தொழுகையில நான் திரும்பிப் பாக்கல. ரெண்டாவது சஜ்தாவுக்கு நீ போகல, அப்படியே மண்டியில உக்காந்திருந்தே.

வெளிய செருப்பு போடும்போது சொன்னே. "அத்தா, தலையைக் கீழ வெச்சா மண்டைக்குள்ள எல்லாம் முன்னால வந்து முட்டுது. எழுந்தா ரெண்டு கண்ணும் இருட்டிடுது, அப்புறம்தான் வெளிச்சம் வருது. அதான் நாற்காலி." இதைவிடத் தெளிவா ஒரு மனுஷன் எப்படிச் சொல்லுவான்? நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும், இருந்தாலும் என் கையாலயே எழுதறேன். "படைச்சவனுக்கு முன்னால தலை வெக்கிறதுக்குக்கூட சாக்கு சொல்றியேடா"ன்னேன். நீ சிரிச்சே. கோவப்பட்டிருந்தா நான் தாங்கிக்குவேன். "சரி அத்தா"ன்னு சொல்லிட்டு மாடவீதிப் பக்கம் நடந்து போனே. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சொல்லுவாங்க, எனக்கு வந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது, நான் அப்படி ஒரு பிடிவாதத்துல இருந்தேன்.

அப்படி நடந்து போனப்பதான் லஸ் முனையில மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டு தகரம் அடிச்சு வெச்சிருந்த இடத்துல உன்னை ஆட்டோ இடிச்சுது. முழங்கை சிராய்ச்சதோட போச்சு, அல்ஹம்துலில்லாஹ். ஆட்டோக்காரர்தான் உன்னைக் கடைக்குக் கூட்டிட்டு வந்தாரு. "இன்னா பாய் உன் புள்ள, இம்மாம் பெரிய வண்டி பக்கத்துல வந்துகினு கீது, ஆரன் அடிக்கிறேன், திரும்பிக்கூட பாக்கல, கண்ணாடிக் கடைக்காரன் புள்ளைக்கே கண்ணு தெர்ல"ன்னு கத்தினாரு. எனக்குக் கோவம் வந்துச்சு. அவரு எதிர்லயே உன்னை சார்ட்டுக்கு முன்னால உக்கார வெச்சேன், என் புள்ளைக்குக் கண்ணு எப்படி இருக்குன்னு காட்டறதுக்கு. கடைசி வரி. "பாத்துக்கோ"ன்னு சொல்லிக்கிட்டே டெட்டால் பஞ்சை இடது பக்கத்துலேர்ந்து உன்கிட்ட நீட்டினேன். நீ வாங்கல. என் கை உன் காதுக்கிட்ட வந்துடுச்சு, நீ நேரா பாத்துக்கிட்டு, "பஞ்சு எங்க அத்தா?"ன்னு கேட்டே. ஆட்டோக்காரர் வண்டியை ஸ்டார்ட் பண்ணப் போயிட்டாரு. அன்னைக்கே பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம், அவருதான் கூட்டிட்டுப் போனாரு, மீட்டர் போடல.

அந்த டாக்டர் உன் கண்ணுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்தாரு. கண்ணுலேர்ந்து மூளைக்குப் போற நரம்பு ரெண்டு பக்கமும் வீங்கியிருக்குன்னாரு. மூளைக்கட்டியோன்னு ஸ்கேன் எடுத்தாங்க, இல்ல. முதுகெலும்புல ஊசி போட்டுத் தண்ணி எடுத்தாங்க. மண்டையைச் சுத்தி இருக்கிற அந்தத் தண்ணியோட அழுத்தம் இருக்க வேண்டியதைவிட ரொம்பக் கூட. தலைவலி, காதுல நாடிச் சத்தம், குனிஞ்சு எழுந்தா இருட்டறது, எல்லாம் அதுதான். நீ சொன்னது அத்தனையும் அவரு புஸ்தகத்துல படிக்கிற மாதிரி வரிசையாச் சொன்னாரு. அப்புறம், என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேட்டாரு. லித்தியம்னதும் பேனாவைக் கீழ வெச்சாரு. "அபூர்வம்தான், ஆனா இந்த மருந்துல இது வரும். நிறுத்தியாகணும், இல்லன்னா மிச்சப் பார்வையும் போயிடும்"னாரு. ஓரப் பார்வை, முக்கியமா இடது கண்ணுல, போனது போனதுதான், திரும்பாதுன்னாரு. உங்கம்மா வெளிய பெஞ்சுல உக்காந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கிட்டு இருந்தா. அவகிட்ட என்னன்னு சொல்றது? உன்னைக் காப்பாத்தின மாத்திரைதான் உன் கண்ணை எடுத்துச்சுன்னு எந்த பாஷையில சொல்றது?

மருந்தை நிறுத்தணும்னதும் நீதான் பயந்தே. கண்ணுக்குப் பயப்படல. வார்டுல படுத்துக்கிட்டு என்னைப் பாத்து, "கண்ணு போனா நான் குருடனா இருப்பேன் அத்தா. அந்த நோவு திரும்ப வந்தா நான் இருப்பேனான்னு தெரியாது. நீங்களே சொல்லுங்க, எதை வெச்சுக்கட்டும்?"னு கேட்டே. ஊருக்கெல்லாம் பார்வை விக்கிறவன் நான். தண்ணி பாட்டில் வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டு ஓடி வந்துட்டேன். படிக்கட்டுல நின்னு, "யா அல்லாஹ், கண்ணை எடுத்துக்க, இவனை விட்டுடு"ன்னு கேட்டேன். கேட்ட உடனே எனக்கே திக்குன்னு ஆச்சு, புள்ளைக்கு இப்படியும் ஒருத்தன் துஆ கேப்பானான்னு. திரும்பி வந்தப்ப டாக்டரம்மா வந்திருந்தாங்க. உன் கையைப் பிடிச்சுக்கிட்டு, "சத்தம்னு நீங்க சொன்னப்ப நான் இன்னும் கேட்டிருக்கணும்"னாங்க. அவங்கதான் உன்கிட்ட பேசிப் பேசி சம்மதிக்க வெச்சாங்க. நான் பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

லித்தியம் நின்னுது. மண்டைத் தண்ணியைக் குறைக்கிற மாத்திரையால விரல் மரத்துப் போறதும், சோடா குடிச்சா தகரம் மாதிரி இருக்குன்னு நீ துப்பறதும் பழகிப் போச்சு. நரம்பு வீக்கம் வத்திடுச்சு, மிச்சப் பார்வை அப்படியே தங்கிடுச்சுன்னு போன தடவை சொன்னாங்க. மனசுக்குப் புதுசா வேற மருந்து. அது பிடிக்குமா பிடிக்காதான்னு யாருக்கும் தெரியாது, பாத்துக்கிட்டே இருங்கன்னாங்க. பாத்துக்கிட்டேதான் இருக்கோம். போன வாரம் விடியக்காலையில எழுந்து நீ வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடிச்சே. ரொம்ப நாளா அடிக்கணும்னு நானே சொன்னதுதான். நானும் உங்கம்மாவும் ஜன்னல்கிட்ட நின்னு, ஒரு கோட்டு அடிச்சிட்டு நிறுத்துவானா, வீடு பூரா அடிக்க ஆரம்பிப்பானான்னு பாத்தோம். நீ நிறுத்திட்டே. அன்னைக்குப் போன்ல யார்கிட்டயோ பேசி வாய்விட்டுச் சிரிச்சே. எத்தனை மாசத்துக்கு அப்புறம் சிரிக்கிறே. உங்கம்மா கரண்டியைப் பிடிச்சபடி என்னைப் பாத்தா. இது சிரிப்பா, ஆரம்பமான்னு அவ கண்ணு கேட்டுது. புள்ளை சிரிச்சா பயப்படுற வீடாப் போச்சுடா நம்ம வீடு. அந்தச் சூட்டோட நீ வந்து, "கோயமுத்தூர்ல ஃப்ரெண்டு கம்பெனியில வேலை, டிக்கெட் போட்டுட்டேன்"னு சொல்றே. தைரியமா, நோவான்னு நான் எதை வெச்சுப் பிரிச்சுப் பாக்கறது? இதுக்கு ஏதாவது சார்ட் இருந்தா காட்டுடா.

புத்தி சொல்றதுன்னா என்கிட்ட கொஞ்சம்தான் இருக்கு. ரோடு தாண்டும்போது கண்ணை மட்டும் திருப்பாத, கழுத்தோட திரும்பு. மாசா மாசம் கண்ணைக் காட்டு, சார்ட்டை மட்டும் படிக்க வெச்சு அனுப்பினா ஒத்துக்காத, உள்ள லைட் அடிச்சுப் பாக்கச் சொல்லு. புதுசா யார் எந்த மருந்து குடுத்தாலும் உனக்கு நடந்ததைச் சொல்லு. தூக்கம் குறைஞ்சா அன்னைக்கே டாக்டரம்மாவுக்குப் போன் போடு, எனக்கு அப்புறம் போட்டாப் போதும். பள்ளிவாசலுக்குப் போனா நாற்காலியில உக்காரு, எவன் பாத்தா என்ன.

நேத்து நீ கடைக்கு வந்து என்கூட ஷட்டரை இறக்கினே. பூட்டை மாட்டிக்கிட்டே, என்னைப் பாக்காம, "அத்தா, எனக்கு இப்ப ஒண்ணும் இல்ல. நான் சொல்றதை நம்புறீங்களா?"ன்னு கேட்டே. "நம்புறேன்டா"ன்னு சொன்னேன். உன் முகம் மலர்ந்துது. நீ அந்தப் பக்கம் போனதும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "நல்லாத்தான் இருக்காரு பாய், வேலைக்குப் போகட்டும், ஆனா பாத்துக்கங்க"ன்னாங்க. கோயமுத்தூர்ல இருக்கிறவனை மயிலாப்பூர்லேர்ந்து எப்படிப் பாத்துக்கறதுன்னு கேக்க வந்தேன், கேக்கல. அவங்களும் என்ன செய்வாங்க.

நான் உன்கிட்ட சொன்னது பொய் ராஜா. எனக்கு நம்பிக்கை வரல. நம்பினப்ப உன்னைப் பாலத்துல கொண்டு போய் விட்டேன், நம்பாதப்ப உன் கண்ணைக் கெடுத்தேன். இதுக்கு மேல எந்தப் பக்கம் போறதுன்னு எனக்குத் தெரியல, இந்த வயசுல யார்கிட்ட போய்க் கத்துக்கறதுன்னும் தெரியல. ஆனாலும் நாளைக்குக் காலையில உன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு சென்ட்ரல் வரைக்கும் வர்றேன், ரயில்ல ஏத்தி விடறேன். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு. என்ன சாப்பிட்டே, எப்பப் படுத்தே, தலை வலிக்குதா, காதுல சத்தம் இருக்கா, எல்லாத்தையும் சொல்லு. "நல்லா இருக்கேன் அத்தா"ன்னு மட்டும் சொல்லாத. அதைக் கேட்டா என்ன பண்றதுன்னு உங்கத்தாவுக்குத் தெரியல.